கோசுமெல் குட்டி ரக்கூன்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் டொரொண்டோல, ஸ்கார்பரோ பக்கம் இருக்கேன். ரக்கூன்ல ஒரு இனம் அழியுற நிலையில இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் "எங்க வீட்டு அட்டிக்லயே நாலு இருக்கே, அது எப்படிங்க அழியும்"னு தான் முதல்ல கேக்குறாங்க. நியாயமான கேள்விதான், நானும் மெக்சிகோ போய்ட்டு வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் நினைச்சேன். ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள், பையனோட கிளாஸ்ல படிக்கிற பசங்கன்னு ஆளாளுக்கு கேட்டதையும், அதுக்காக நான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன்.

ரக்கூன் அழிஞ்சிட்டு வர்ற விலங்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

ஒரே வார்த்தைல சொல்ல முடியாது, எந்த ரக்கூன்னு கேக்கணும். ரக்கூன்ல மொத்தம் மூணு இனம். கனடா தெற்குல ஆரம்பிச்சு பனாமா வரைக்கும் பரவி இருக்குறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சாதா ரக்கூன், அறிவியல் பேர் புரோசியான் லோட்டார். தென்னமெரிக்கா பக்கம் பெரும்பாலும் இருக்குறது நண்டு தின்னி ரக்கூன். இந்த ரெண்டுக்கும் இப்போதைக்கு ஒரு ஆபத்தும் இல்ல, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னோட சிவப்புப் பட்டியல்ல ரெண்டையுமே கவலை குறைவான வகைலதான் வச்சிருக்காங்க. மூணாவது தான் புரோசியான் பிக்மேயஸ், குட்டி ரக்கூன், அதாவது வளர்ந்தாலும் உருவம் சின்னதா இருக்குற இனம். உலகத்துல கோசுமெல்ங்கிற ஒரே ஒரு தீவுல மட்டும் தான் இருக்கு, வேற எங்கயும் கிடையாது. அது மிக அபாய நிலைல இருக்கு, அதாவது காட்டுல அழிஞ்சு போறதுக்கு முந்தின படி.

2016ல போட்ட மதிப்பீட்டுப்படி வளர்ந்த விலங்குகள் மொத்தம் 192. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல ஒரு பந்தில உக்கார்ற ஆளுங்க அளவு தான், அவ்ளோதான் மொத்த இனமும். அதைப் படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

கோசுமெல் எங்க இருக்கு?

மெக்சிகோவோட கிழக்குப் பக்கம், யுகடான் தீபகற்பத்துக்கு எதிர்ல கரீபியன் கடல்ல இருக்கு. கரைல இருந்து சுமார் 18 கிமீ, ஃபெர்ரில போயிடலாம். தீவு கிட்டத்தட்ட 48 கிமீ நீளம், 16 கிமீ அகலம், சென்னை மாநகராட்சி எல்லையை விட கொஞ்சம் தான் பெருசு. மேற்குக் கரைல சான் மிகேல்னு ஒரு டவுன், தீவுல 2020 கணக்குப்படி சுமார் 88 ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா க்ரூஸ் கப்பல்ல வந்து இறங்குறவங்க நல்ல வருஷத்துல 40 லட்சத்துக்கும் மேல. கனடால இருந்து குளிருக்கு தப்பிச்சு போறவங்களுக்கு இது ரொம்பப் பழகின இடம், நாங்களும் அப்படி ஒரு ஜனவரில தான் போனோம்.

பாக்க எப்படி இருக்கும்? நம்ம ரக்கூன் மாதிரியே தானா?

முகமூடி போட்ட மாதிரி கண்ணைச் சுத்தி கருப்பு, வால்ல வளையம், இதெல்லாம் அதே தான். ஆனா சைஸ் சின்னது, எடை 3ல இருந்து 4 கிலோ, ஒரு நல்ல வளர்ந்த பூனை அளவு. பக்கத்துல யுகடான் நிலப்பரப்புல இருக்குற சாதா ரக்கூனோட ஒப்பிட்டா எடை கிட்டத்தட்ட பாதிக்கு வந்துடும். தொண்டைல ஒரு கருப்புப் பட்டை இருக்கும், வால் மஞ்சளும் பொன்னிறமும் கலந்த மாதிரி இருக்கும், பல்லும் சின்னது.

நான் ஒரே ஒரு தடவை தான் நிதானமா பாத்தேன். சாயங்காலம், அலையாத்திக் காட்டு ஓரம், பிச்சாவரம் போனவங்களுக்கு அந்த இடம் கண்ணு முன்னாடி வந்துடும், அதே மாதிரி தண்ணிக்குள்ள விரிஞ்சு நிக்குற வேர், அதே உப்பும் சேறும் கலந்த வாசனை. வேர் மேல உக்காந்துக்கிட்டு முன்னங்கை ரெண்டையும் சேத்துக்குள்ள விட்டு தடவிக்கிட்டே இருந்துச்சு, ஆனா கண்ணு அங்க இல்ல, எங்களைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. தேடுற வேலையெல்லாம் கை தான் பாத்துக்குது. திடீர்னு கை நின்னுச்சு, உள்ளங்கை அளவு ஒரு நண்டை இழுத்து வேர் மேல ரெண்டு தடவை உருட்டி தேய்ச்சிட்டு ஓட்டைக் கடிச்சுது, அந்த நறுக்குன்னு சத்தம் நாங்க நின்ன இடம் வரைக்கும் கேட்டுச்சு. அதோட சாப்பாட்டுல பாதிக்கு மேல நண்டு தான்னு பிறகு படிச்சப்ப அந்த சத்தம் தான் ஞாபகம் வந்துச்சு.

எல்லா ரக்கூனும் சாப்பாட்டைக் கழுவித்தான் சாப்பிடுமாமே?

சாதா ரக்கூனோட அறிவியல் பேர்ல வர்ற லோட்டார்னாலே கழுவுறவன்னு தான் அர்த்தம், ஆனா அது சுத்தத்துக்காக இல்ல. ரக்கூனோட முன்னங்கைல தொடு உணர்ச்சி ரொம்ப அதிகம், மூளைல உணர்ச்சிகளுக்கான பகுதில பெரும்பங்கு அந்தக் கையிலிருந்து வர்ற தகவலைப் படிக்கிறதுக்கே போகுது. தண்ணில நனைஞ்சா அந்த உணர்ச்சி இன்னும் கூடும். கூண்டுல இருக்குறப்ப சாப்பாட்டைத் தண்ணில முக்கித் தடவுறது, ஆத்தங்கரைல தடவித் தேடுற பழக்கத்தோட மிச்சம்னு சொல்றாங்க. ஸ்பானிஷ்ல ரக்கூனுக்கு மாபாச்சேன்னு பேர், அது மெக்சிகோவோட பழங்குடி மொழியான நவாட்டில்லேர்ந்து வந்தது, எல்லாத்தையும் கையில எடுக்குறதுங்கிற மாதிரி பொருள். பேர் வச்சவங்க நல்லா கவனிச்சுப் பாத்திருக்காங்க.

அளவு சின்னதா இருந்தா தனி இனமா? தீவுல சாப்பாடு கம்மி, அதனால வளராம போயிருக்கும்னு தோணுதே

இந்தக் கேள்வி விஞ்ஞானிகளும் கேட்டது தான், அதுக்குக் காரணமும் இருக்கு. கரீபியன்ல பார்படோஸ், பஹாமாஸ், குவாதலூப்னு பல தீவுகள்ல ரக்கூன் இருந்துச்சு, ஒவ்வொண்ணையும் தனி இனம்னு ஒரு காலத்துல பேர் வச்சிருந்தாங்க. பார்படோஸ்ல கடைசியா பாத்த ரக்கூன் 1964ல பாத்ஷீபாங்கிற ஊர் பக்கத்துல கார்ல அடிபட்டு செத்தது, அதோட அது அழிஞ்சு போன இனம்னே பட்டியல்ல ஏறிடுச்சு. குவாதலூப்ல ரக்கூனை தேசியப் பூங்காவோட சின்னமாவே வச்சிட்டாங்க. அப்புறம் 2000ஆம் வருஷத்தை ஒட்டி மண்டை ஓடு, மரபணு எல்லாம் வச்சு நல்லா ஆராய்ஞ்சு பாத்தா இதெல்லாமே மனுஷங்க கப்பல்ல கொண்டு போன சாதா ரக்கூனோட வாரிசுங்கன்னு தெரிஞ்சுது.

அதே ஆராய்ச்சிகள்ல தேறி நின்ன ஒரே தீவு ரக்கூன் இந்த கோசுமெல் ரக்கூன் தான். மண்டை ஓடு, பல், மரபணு எதை எடுத்தாலும் தனி. 1901லயே மெரியம்ங்கிற அமெரிக்க விலங்கியலாளர் இதைத் தனி இனம்னு எழுதிட்டார். தீவுல பல்லாயிரம் வருஷமா ஒதுங்கி இருந்து, சின்ன இடத்துல கிடைக்கிற கொஞ்ச சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி தலைமுறை தலைமுறையா உடம்பு சுருங்கி வந்திருக்கு. நிலப்பரப்புல இருக்குற ரக்கூன் குட்டிக்கு சாப்பாடு குறைச்சுக் கொடுத்தா அது நோஞ்சானா ஆகுமே தவிர கோசுமெல் ரக்கூனா ஆகாது.

192 இருக்குல்ல, குட்டி போட்டுப் பெருகிடாதா?

சாதா ரக்கூன் ஒரு ஈத்துக்கு ரெண்டுலேர்ந்து அஞ்சு குட்டி வரைக்கும் போடும், 65 நாளுக்குள்ள பிரசவம். அதைப் பாத்து தான் எல்லாரும் இந்தக் கேள்வி கேக்குறாங்க. ஆனா எத்தனை பிறக்குதுங்கிறதை விட எத்தனை தங்குதுங்கிறது தான் கணக்கு. அந்த 192ம் ஒரே இடத்துல இல்ல, வடமேற்குல அலையாத்திக் காட்டுல கொஞ்சம், மத்தது துண்டு துண்டா அங்கங்க. நடுவுல ரோடு, ஹோட்டல், கோல்ஃப் மைதானம். இந்தப் பக்கத்து ஆண் அந்தப் பக்கத்து பெண்ணைத் தேடிப் போகணும்னா ரோட்டைத் தாண்டணும். தாண்டலேன்னா சொந்தத்துக்குள்ளயே சேர்ந்து குட்டி பலவீனமாகும், தாண்டினா கார். ஐயூசிஎன் கணக்குல வளர்ந்த விலங்கு 250க்கு கீழ போய் அதுவும் குறைஞ்சுக்கிட்டே இருந்தா மிக அபாய நிலைன்னு வைக்கிறதுக்கு காரணமே இதான், அவ்ளோ சின்ன எண்ணிக்கைல ஒரு கெட்ட வருஷம் வந்தா கூட எழுந்திரிக்க ஆள் இருக்காது.

அப்படி என்னதான் ஆபத்து? யாராவது வேட்டையாடுறாங்களா?

வேட்டை பெரிய காரணம் இல்ல. கொஞ்சம் பேர் பிடிச்சு வளக்குறாங்க, அது ஒரு பக்கம். பெரிய ஆபத்துன்னா தீவுல முன்னாடி இல்லாத விஷயங்கள் ஒவ்வொண்ணா வந்து சேர்ந்தது தான்.

முதல்ல நாயும் பூனையும். டவுன்ல பெருகினது, யாரோ கொண்டு வந்து விட்டது, காட்டுப் பக்கம் போய் கூட்டமா திரியுற நாய். இதுங்க நேரா கடிக்கிறது ஒண்ணு, அதை விட மோசமா நோயைக் கொண்டு வருது. கோசுமெல்ல ரக்கூனைப் பிடிச்சு ரத்தம் எடுத்துப் பாத்ததுல நாய், பூனைக்கு வர்ற வைரஸ் நோய்களுக்கான எதிர்ப்பு தடயம் கிடைச்சிருக்கு, அதாவது அந்த நோய் ஏற்கனவே காட்டுக்குள்ள போய்ட்டு வந்திருக்கு. இதைப் பத்தி தனியா கீழ சொல்றேன்.

ரெண்டாவது போவா பாம்பு. நம்ம மலைப்பாம்பு மாதிரி சுத்தி நெரிச்சு விழுங்குற வகை. கோசுமெல்ல இது 1971 வரைக்கும் இல்லவே இல்ல. ஒரு சினிமா ஷூட்டிங்குக்கு கொண்டு வந்த சில பாம்புங்களை வேலை முடிஞ்சதும் தீவுலயே விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு தான் சொல்லப்படுது. இப்போ தீவு முழுக்க பரவிடுச்சு. இங்க இருக்குற விலங்குங்க இந்த மாதிரி பாம்புக்கு பயந்து வளர்ந்ததில்ல, பறவை, எலி, ரக்கூன் குட்டி எல்லாமே அதுக்கு தீனி. விட்டுட்டுப் போனவங்களுக்கு அது அன்னிக்கு ஒரு அரை மணி நேர வேலையா தான் இருந்திருக்கும், இதை நினைச்சாலே எனக்கு மனசு ஆறல.

மூணாவது புயல். 1988ல கில்பர்ட், 2005ல ஒரே வருஷத்துல ஜூலைல எமிலி, அக்டோபர்ல வில்மா. வில்மா ஒரு இடத்துல நகராம மணிக்கணக்கா நின்னு அடிச்சுது. புயல் அந்தப் பக்கத்துக்கு புதுசு இல்ல, இந்த ரக்கூனுங்க எத்தனையோ புயலைப் பாத்து தான் வந்திருக்குங்க. ஆனா முன்னாடி காடு முழுசா இருந்துச்சு, ஒரு பக்கம் அழிஞ்சா இன்னொரு பக்கம் ஒதுங்கிக்கலாம், எண்ணிக்கையும் அதிகம். இப்போ இலையெல்லாம் உதிர்ந்து நல்ல தண்ணில உப்பு கலந்து நண்டும் குறைஞ்ச காட்டுலேர்ந்து பசியோட வெளிய வந்தா எதிர்ல ரோடும் நாயும் தான்.

அப்புறம் இடம். டூரிசத்துக்காக கரையோரமா ரிசார்ட், படகுத்துறை, ரோடு. அலையாத்திக் காட்டை ஒட்டி தான் எல்லாருக்கும் இடம் வேணும், ரக்கூனுக்கும் அதே இடம் தான் வேணும்.

நாய்க்கு வர்ற நோய் ரக்கூனுக்கு வருமா?

வரும், இது நான் கண்ணால பாத்தது. டிஸ்டெம்பர்னு ஒரு வைரஸ், நாய் வச்சிருக்கவங்க தடுப்பூசி போடுறப்ப பேர் கேட்டிருப்பீங்க. டொரொண்டோல 2023 வாக்குல இது ரக்கூன்கிட்ட பலமா பரவி, நோயுள்ள ரக்கூன் இருக்குன்னு சிட்டிக்கு வர்ற அழைப்புகள் எக்கச்சக்கமா கூடிப் போச்சு. எங்க தெருவுல ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு நடுரோட்டுல ஒரு ரக்கூன் வட்டமா சுத்தி சுத்தி நடந்துக்கிட்டே இருந்துச்சு, கண்ணுல பீளை கட்டி ஒட்டிப் போயிருந்துச்சு, கார் வந்து நின்னு ஹாரன் அடிச்சா கூட திரும்பல. பக்கத்து வீட்டு பாட்டி கதவைத் திறந்து பாத்துட்டு "ஐயோ பாவம், அதுக்கு புத்தி பேதலிச்சிடுச்சு"ன்னு அழுதுட்டாங்க. வண்டி வந்து எடுத்துட்டுப் போறதுக்குள்ள அது ஓரமா படுத்துடுச்சு.

அந்த வருஷம் எங்க ஏரியால நிறைய செத்துச்சு. அடுத்த வசந்தத்துல மறுபடி அம்மா பின்னாடி மூணு குட்டி வேலி மேல வரிசையா போச்சு. இங்க அப்படி. சுத்தி எல்லா ஊர்லயும் ரக்கூன் இருக்கு, காலியான இடத்துக்கு வேற ஒண்ணு வந்துடும். அதே வைரஸ் கோசுமெல்ல பலமா ஒரு சுத்து சுத்துச்சுன்னா வெளியிலேர்ந்து வர்றதுக்கு ஒண்ணு கூட கிடையாது. சாதா ரக்கூன் கோடிக்கணக்குல இருக்குறது இதுக்கு எந்த வகைலயும் துணையில்லன்னு எனக்குப் புரிஞ்சது அந்த மத்தியானம் தான்.

அமெரிக்கால லட்சக்கணக்குல வேட்டையாடியும் ரக்கூன் குறையலையே, அப்போ விலங்கு அவ்ளோ சீக்கிரம் அழியாது தானே?

அமெரிக்கால 1976-77 சீசன்ல மட்டும் 50 லட்சத்துக்கு மேல ரக்கூனை தோலுக்காக கொன்னாங்க, அப்படியும் அது தாக்குப் பிடிச்சுது. 1930கள்ல இருந்ததை விட 1980கள் கடைசில வட அமெரிக்கால ரக்கூன் 15லேர்ந்து 20 மடங்கு கூடியிருக்கும்னு ஒரு கணக்கு கூட உண்டு. வயல், குப்பை, வீட்டுக் கூரைன்னு மனுஷன் செஞ்ச எல்லாமே அதுக்கு ஒத்துப் போச்சு, ஓநாய் மாதிரி எதிரிகளையும் நாமளே ஒழிச்சிட்டோம்.

ஆனா நிறைய இருந்தா அழியாதுன்னும் நம்பிட முடியாது. அதே வட அமெரிக்கால பயணிப் புறான்னு ஒண்ணு, கோடிக்கணக்குல வானத்தை மறைச்சு மணிக்கணக்கா பறக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. கடைசி புறா, மார்த்தான்னு பேர், 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலைல செத்துப் போச்சு. அது கூட்டமா கூடு கட்டினா தான் குஞ்சு பொரிக்கும், கூட்டத்தை உடைச்சதும் மிச்சம் இருந்ததும் போச்சு. ஒரு விலங்கு எதை நம்பி வாழுதுன்னு பாக்கணும். சாதா ரக்கூன் எதையும் நம்பி இல்ல, எங்க விட்டாலும் பொழைச்சுக்கும். கோசுமெல் ரக்கூன் ஒரு தீவையும் அந்த அலையாத்திக் காட்டு நண்டையும் நம்பி இருக்கு.

ரக்கூனே மத்த உயிரினங்களை அழிக்குதுன்னு படிச்சேனே, அதை எதுக்கு காப்பாத்தணும்?

படிச்சது சரிதான். ஜெர்மனில 1934 ஏப்ரல்ல எடர்சே ஏரிப் பக்கம் ரெண்டு ஜோடி ரக்கூனை வேணும்னே காட்டுல விட்டாங்க, 1945ல பெர்லினுக்கு கிழக்க ஒரு தோல் பண்ணைல குண்டு விழுந்து இன்னும் கொஞ்சம் தப்பிச்சுது. இன்னிக்கு அங்க வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல சுட்டும் குறையல. தேரையோட தோல்ல விஷம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு தோலை உரிச்சுப் போட்டுட்டு உள்ள இருக்குறதைத் தின்னுட்டுப் போகுது, குளக்கரைல உரிஞ்ச தோலா கிடக்குமாம். ஐரோப்பிய யூனியன் 2016ல ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. ஜப்பான்ல 1977ல ரக்கூன் வளர்க்குற பையனைப் பத்தி ஒரு டிவி கார்ட்டூன் தொடர் வந்து ஓஹோன்னு ஓடி, பிள்ளைங்க கேட்டுச்சுன்னு ஆயிரக்கணக்குல வாங்கி வளர்த்து, பெருசானதும் கடிக்குதுன்னு காட்டுல விட்டுட்டாங்க, இப்போ பழைய கோயில் மரத்தூணெல்லாம் கீறி வைக்குது. கனடாலயே ஹைடா குவாய் தீவுகள்ல 1940கள்ல தோல் வியாபாரத்துக்குன்னு கொண்டு விட்டது, மண்ணுக்குள்ள பொந்து வச்சு முட்டையிடுற கடல் பறவைங்களை கூட்டம் கூட்டமா காலி பண்ணிடுச்சு. அந்தப் பறவைங்களுக்கு ரக்கூன்னா என்னன்னே தெரியாது.

அதே கதையை கோசுமெல்ல திருப்பிப் போட்டுப் பாருங்க. அங்க பாம்பு, நாய் முன்னாடி ஒண்ணும் தெரியாம நிக்குறது ரக்கூன். ரெண்டு இடத்துலயும் தப்பு ஒண்ணு தான், ஒரு விலங்கை அதோட இடத்துலேர்ந்து தூக்கி இன்னொரு இடத்துல விட்டது. ஜெர்மனில ரக்கூனைக் குறைக்கணும்னு சொல்றதுலயும் கோசுமெல்ல காப்பாத்தணும்னு சொல்றதுலயும் எனக்கு முரண்பாடே தெரியல.

அப்போ டொரொண்டோ ரக்கூனை நூறு பிடிச்சு கோசுமெல்ல விட்டா எண்ணிக்கை கூடிடுமே?

தயவுசெஞ்சு வேண்டாம். என் பையன் கிளாஸ் பையன் ஒருத்தன் தான் இதைக் கேட்டான், நல்ல மனசோட கேட்டான். ஆனா ஏற்கனவே சிலர் நிலப்பரப்பு ரக்கூனை செல்லப் பிராணியா தீவுக்கு கொண்டு வந்திருக்காங்க, அதுவே ஒரு ஆபத்துன்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. பெரிய ரக்கூன் சாப்பாட்டுக்கு போட்டி போடும், புது நோயும் குடல் புழுவும் கொண்டு வரும், எல்லாத்துக்கும் மேல ரெண்டும் கலந்துடும். கொஞ்ச வருஷத்துல தீவு நிறைய ரக்கூன் இருக்கும், கோசுமெல் ரக்கூன் இருக்காது.

அந்தத் தீவுல வேற விலங்குங்களுக்கும் இதே நிலையா?

ஆமா. அங்க மட்டுமே இருக்குற சின்ன கோவாட்டி, அதுவும் ரக்கூன் குடும்பம் தான், நீள மூக்கு, அதுவும் ரொம்பக் குறைஞ்சு போச்சு. கோசுமெல் த்ராஷர்னு ஒரு பறவை, நல்லா பாடும், 1988 கில்பர்ட் புயலுக்கு முன்னாடி சாதாரணமா கண்ணுல படும். புயலுக்கு அப்புறம் தேடித் தேடி 2004ல ஒரு தடவை உறுதியா பாத்தாங்க, அதுக்கப்புறம் உறுதியான தகவலே இல்ல. 1988க்கு முன்னாடி அங்க வளந்த பெரியவங்களுக்கு அந்தப் பாட்டு காதுல இருக்கும். அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு அது என்னன்னே தெரியாது.

இந்தியால, நம்ம தமிழ்நாட்டுல ரக்கூன் இருக்கா?

இல்ல. ஊர்ல கூரை மேல ராத்திரி ஓடுறது மரநாய், அது வேற குடும்பம். ரக்கூன் நாய்னு ஒண்ணு உண்டு, அதுவும் ரக்கூன் இல்ல, நரி, நாய் வகை. இமயமலைல இருக்குற சிவப்பு பாண்டாவை முன்னாடி ரக்கூன் குடும்பத்துல சேர்த்து வச்சிருந்தாங்க, இப்போ தனிக் குடும்பம்னு பிரிச்சிட்டாங்க, அதுவும் அழிவு அபாயத்துல தான் இருக்கு.

அங்க இருக்குறவங்க ஒண்ணும் செய்யலையா?

நிறைய செஞ்சிருக்காங்க, அதைச் சொல்லாம விட்டா தப்பு. மெக்சிகோ சட்டத்துல இது அழியும் அபாயத்துல இருக்குற இனம்னு பதிவாகி இருக்கு. 2012ல தீவோட வடக்குப் பகுதியையும் கிழக்குக் கரையையும் சேர்த்து கடலும் நிலமுமா 37,800 ஹெக்டேருக்கு மேல பாதுகாப்புப் பகுதின்னு மத்திய அரசு அறிவிச்சுது. 2016ல யுனெஸ்கோ தீவை உயிர்க்கோளக் காப்பகமா ஏத்துக்கிச்சு. ஆராய்ச்சியும் பல வருஷமா நடக்குது, அல்ஃப்ரெடோ குவாரோன்னு ஒரு மெக்சிகோ உயிரியலாளர் இந்தத் தீவு விலங்குகளுக்காக ரொம்ப உழைச்சவர். சினிமா பாக்குறவங்களுக்கு அந்தப் பேர் கேட்டா ஒரு பொறி தட்டும், டைரக்டர் அல்ஃபோன்சோ குவாரோனோட கூடப் பொறந்தவர் தான் இவர்.

ஆனா வரைபடத்துல கோடு போட்டா நாயும் போவாவும் கோட்டுக்கு வெளிய நிக்காதே. தெருநாய், பூனைக்கு கருத்தடை, தடுப்பூசி, போவாவைப் பிடிச்சு அப்புறப்படுத்துறது, ரோட்டுல வேகத்தைக் குறைக்க வைக்கிறது, இதெல்லாம் வருஷா வருஷம் நிக்காம செய்ய வேண்டிய வேலை. என்னைக் கேட்டா முதல் காசு தடுப்பூசிக்குப் போகணும். நாய்க்கு ஊசி போட்டா நாய் வளக்குறவங்களுக்கும் சந்தோஷம், யாரும் எதிர்க்க மாட்டாங்க, காட்டுக்குள்ள போற நோயும் குறையும்.

சிப்ஸ் கொடுத்தா கைல வாங்கி சாப்பிடுதாமே, வீடியோ பாத்தேன், ரொம்ப க்யூட்டா இருந்துச்சு

நானும் நேர்ல பாத்தேன். நாங்க போன ஒரு படகு டூர்ல கடற்கரைல இறங்கினதும் கைடே ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் கையில கொடுத்தார், புதருக்குள்ளேர்ந்து ஏழெட்டு ரக்கூன் ஓடி வந்துச்சு. என் பொண்ணு கைல இருந்ததை ஒண்ணு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு, அவ சந்தோஷத்துல துள்ளிட்டா, நான் போட்டோ எடுத்தேன். அன்னிக்கு அது என்ன இனம்னே எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து படிச்சதுக்கப்புறம் அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன், மஞ்சள் வால், தொண்டைல கருப்புப் பட்டை.

ஒரே இடத்துல சாப்பாடு கிடைச்சா தனித்தனியா திரியுற விலங்கு கும்பலா சேருது, ஒண்ணுக்கு நோய் இருந்தா அன்னிக்கே எட்டுக்கும். உப்பும் எண்ணெயும் அது உடம்புக்கு ஆகாது. மனுஷனைப் பாத்தா ஓடி வரப் பழகினது அப்படியே கார்கிட்டயும் நாய்கிட்டயும் போகும். குட்டிங்களும் அம்மாவைப் பாத்து நண்டு பிடிக்கக் கத்துக்கறதுக்குப் பதிலா படகு சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கக் கத்துக்கும்.

வீட்டுல வளர்க்கலாமா, குட்டியா இருந்தா பழகுமாமே?

வேண்டாம், எந்த ரக்கூனா இருந்தாலும். ஜப்பான் கதையை மேல சொல்லிட்டேன். ரேபிஸ் அபாயமும் இருக்கு, அதோட எச்சத்துல வர்ற ஒரு உருண்டைப் புழு மனுஷ மூளை வரைக்கும் போகக்கூடியது, குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

நாங்க அடுத்த லீவுக்கு கோசுமெல் போறோம், பாக்க முடியுமா, என்ன கவனிக்கணும்?

அதிர்ஷ்டம் இருந்தா பாக்கலாம். இருட்டுற நேரத்துல தான் பெரும்பாலும் வெளிய வரும், அலையாத்திக் காட்டு ஓரமா சத்தம் போடாம நின்னா போதும், தூரத்துலேர்ந்து பாக்க ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. கையில, பையில சாப்பாடு வாசனை வராம பாத்துக்கோங்க. டூர் ஆளுங்க தீனி கொடுக்கலாம்னு சொன்னா வேண்டாம்னு பக்குவமா சொல்லிடுங்க, நாலு பேர் சொன்னா அவங்களும் நிறுத்திடுவாங்க, கஸ்டமர் கேக்குறதைத் தானே கொடுக்குறாங்க. ஸ்கூட்டரோ ஜீப்போ வாடகைக்கு எடுத்தா இருட்டினதுக்கு அப்புறம் டவுனுக்கு வெளிய 40க்கு மேல போகாதீங்க, ரோட்டு ஓரத்துல ரெண்டு புள்ளி மாதிரி கண்ணு மின்னுச்சுன்னா உடனே வேகத்தைக் குறைங்க, ஒண்ணு தாண்டிடுச்சேன்னு கிளம்பிடாதீங்க, பின்னாடி குட்டி வரும்.

அடிபட்டு செத்துக் கிடக்குறதைப் பாத்தா தொடாம ஒரு போட்டோ எடுத்து, எந்த இடம்னு மொபைல்ல குறிச்சு, பாதுகாப்புப் பகுதி அலுவலகத்துல இருக்குறவங்ககிட்ட கொடுங்க. எந்த வளைவுல எத்தனை அடிபடுதுன்னு தெரிஞ்சா தான் அங்க வேகத்தடை போடச் சொல்லிக் கேக்க முடியும்.